சரணடைவு என்ற ஒரு சொல்லும் 55 ஆண்டு மௌனமும்

2016 செப்டெம்பர் 17ஆம் திகதி அயர்லாந்தின் அத்லோன் நகரில் உள்ள கஸ்டியூம் இராணுவ முகாமில் ஒரு நிகழ்வு இடம்பெற்றது. எழுபது வயதைத் தாண்டிய முன்னாள் படையினர் அணிவகுப்பு மைதானத்தில் கூடியிருந்தனர். சிலர் ஊன்றுகோலுடன் வந்திருந்தனர். பலருக்குப் பதிலாக அவர்களுடைய மனைவியரும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்திருந்தனர். அந்நாட்டின் பாதுகாப்புக்குப் பொறுப்பான அமைச்சர் அவர்களுக்கு வழங்கியது ஒரு பாராட்டுப் பத்திரம். 1961ஆம் ஆண்டு கொங்கோவின் ஜடோவில் நகரில் அவர்கள் வீரத்துடன் போரிட்டார்கள் என்பதை அரசு அதில் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தது.

இந்த ஒப்புதலுக்கு அவர்கள் 55 ஆண்டுகள் காத்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் அதைக் காண உயிருடன் இல்லை.

சண்டையில் நின்ற ஓர் அணியை ஒரு நாடு ஏன் அரை நூற்றாண்டுக்கு மேல் மறந்தது? மறக்கப்பட்டதை மீண்டும் பதிவேட்டில் ஏற்றுவதற்கு என்ன தேவைப்பட்டது? போரைக் கண்டவர்களும், அந்தப் போரைப் பற்றிப் பிறர் எழுதியதை வாசிக்க நேர்ந்தவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய கதை இது.

கொங்கோவுக்கு ஏன் போனார்கள்?

பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்த கொங்கோ 1960 ஜூன் 30ஆம் திகதி சுதந்திரம் பெற்றது. இரண்டு வாரம் கூடக் கழியவில்லை. செம்பும் கோபால்ட்டும் யுரேனியமும் நிறைந்த கட்டங்கா மாகாணம், மொய்சே ட்சோம்பேயின் தலைமையில் தனிநாடாகப் பிரிவதாக ஜூலை 11ஆம் திகதி அறிவித்தது. அதன் பின்னால் பெல்ஜிய சுரங்க நிறுவனமும் பெல்ஜிய அதிகாரிகளும் வெளிநாட்டுக் கூலிப்படையினரும் நின்றனர். புதிய அரசின் வேண்டுகோளின் பேரில் ஐ.நா. அமைதிப்படை கொங்கோவுக்குச் சென்றது.

அயர்லாந்து 1955 டிசெம்பரில்தான் ஐ.நா.வில் இணைந்தது. வெளிநாட்டு மண்ணில் அதன் இராணுவம் முழு அணிகளாகச் சென்று பணியாற்றியது கொங்கோவில்தான் முதல் தடவை. படையினர் பெரும்பாலும் சண்டையே கண்டிராத இளைஞர்கள். பதினேழு, பதினெட்டு வயதினரும் அவர்களுள் இருந்தனர். கட்டங்காவில் ஐ.நா.வின் அரசியல் பிரதிநிதியாக இருந்தவரும் ஓர் ஐரிஷ்காரரே. அவர் கொனர் குரூஸ் ஓ'பிரையன்.

1961 செப்டெம்பர் தொடக்கத்தில், 35ஆவது காலாட்படை பற்றாலியனின் ‘ஏ’ கொம்பனி ஜடோவில் நகருக்கு அனுப்பப்பட்டது. இன்று லிக்காசி என அழைக்கப்படும் அந்தச் சுரங்க நகரம், மாகாணத் தலைநகர் எலிசபெத்வில்லில் இருந்து (இன்றைய லுபும்பாஷி) நூறு கிலோமீற்றருக்கு மேல் தொலைவில் உள்ளது. அங்குள்ள ஐரோப்பியக் குடியேறிகளுக்கு ஆபத்து, அவர்களைப் பாதுகாக்க வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். போய்ச் சேர்ந்த பின்னர்தான், அந்தக் குடியேறிகளே தங்களை விரும்பவில்லை என்பது படையினருக்குப் புரிந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் வேறு ஐ.நா. அணிகள் அதே இடத்திலிருந்து விலக்கப்பட்டிருந்தன.

கொம்பனியின் கட்டளை அதிகாரி கொமாண்டன்ட் பற் குவின்லன். ஐரிஷ் இராணுவத்தில் கொமாண்டன்ட் என்பது மேஜர் தரத்துக்குச் சமமான பதவி. சூழ்நிலை சரியில்லை என்பதை உணர்ந்த அவர் பதுங்குகுழிகளை வெட்டச் சொன்னார். வெயிலில் நின்று இறுகிய மண்ணை வெட்டுவதைப் படையினர் விரும்பவில்லை. ஆனால் அந்தக் குழிகள்தான் பின்னர் அவர்களுடைய உயிரைக் காத்தன.

ஐந்து நாட்கள்

செப்டெம்பர் 13ஆம் திகதி விடியும் முன்னரே எலிசபெத்வில்லில் ஐ.நா. படைகள் கட்டங்கா நிர்வாகத்துக்கு எதிராக ஒரு நடவடிக்கையை ஆரம்பித்தன. அதற்குப் பழிவாங்கல் ஜடோவில்லில் தனித்து நிற்கும் சிறிய அணி மீதே முதலில் விழும் என்பதை யாரும் போதியளவு கணக்கில் எடுக்கவில்லை. அந்த அணியை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தும் எச்சரிக்கையும் கொடுக்கப்படவில்லை.

அன்று காலை படையினரில் பலர் திறந்த வெளியில் திருப்பலியில் பங்குபற்றிக்கொண்டிருந்தபோது தாக்குதல் தொடங்கியது. முகச்சவரம் செய்துகொண்டிருந்த சார்ஜன்ட் ஒருவர் ஓடிப்போய் இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்து முதல் அலையைத் தடுத்தார். மற்றவர்கள் பதுங்குகுழிகளுக்குள் இறங்கினர்.

‘ஏ’ கொம்பனியில் இருந்தவர்கள் 150 பேருக்குச் சற்று மேல். அவர்களைச் சூழ்ந்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர்: கட்டங்கா ஆயுதப்படையினர், உள்ளூர் ஆயுததாரிகள், அவர்களை வழிநடத்திய ஐரோப்பியக் கூலிப்படையினர். எதிர்த்தரப்பிடம் கனரக எறிகணைகளும் ஒரு ஜெட் விமானமும் இருந்தன. ஐரிஷ் அணியிடம் இருந்தவை துப்பாக்கிகள், இயந்திரத் துப்பாக்கிகள், சிறிய மோட்டார்கள் மட்டுமே. ஜெட் விமானம் குண்டுவீசி அவர்களுடைய வாகனங்களை அழித்தது. இனி அவர்களாக வெளியேறுவதற்கும் வழி இல்லை.

எலிசபெத்வில்லில் இருந்து இரண்டு தடவை மீட்பு அணி புறப்பட்டது. இரண்டு தடவையும் லுஃபிரா ஆற்றுப் பாலத்தில் தடுக்கப்பட்டுத் திரும்பியது. தண்ணீருடன் ஒரு ஹெலிகொப்டர் துணிந்து வந்து இறங்கியது. ஆனால் தண்ணீர் முன்னர் எரிபொருள் வைத்திருந்த கலன்களில் நிரப்பப்பட்டிருந்தது. வாயில் வைக்க முடியவில்லை. தாகத்தில் கிடந்தவர்களுக்குக் கண்ணெதிரே தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாமல் போனது.

இடையில் போர்நிறுத்தம் பேசப்பட்டது. அது நிலைக்கவில்லை. செப்டெம்பர் 17ஆம் திகதி தண்ணீர் இல்லை, உணவு இல்லை, வெடிபொருட்கள் முடிந்துவிட்டன, மீட்பு வரும் நம்பிக்கையும் இல்லை. குவின்லன் சரணடைய முடிவெடுத்தார்.

அந்த ஐந்து நாட்களின் கணக்கு வியப்பானது. ஐரிஷ் தரப்பில் ஐந்து பேர் காயமடைந்தனர். ஒருவர் கூட இறக்கவில்லை. தாக்கியவர்களில் ஏறக்குறைய 300 பேர் கொல்லப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. அந்த 300 பேருக்கும் வீடும் தாயும் இருந்திருப்பார்கள். இந்தக் கதை சொல்லப்படும்போது அவர்கள் எண்ணாக மட்டுமே வருகிறார்கள். அதையும் இங்கே குறித்துவைக்க வேண்டும்.

சரணடைந்த அன்று இரவே, போர்நிறுத்தப் பேச்சுக்காகப் பயணித்த ஐ.நா. செயலாளர் நாயகம் டாக் ஹமர்ஷெல்ட்டின் விமானம் ந்டோலாவுக்கு அருகில் விழுந்து நொறுங்கி அவர் உயிரிழந்தார். உலகின் கவனம் முழுவதும் அங்கே திரும்பியது. ஜடோவில்லில் சிறைப்பட்டவர்கள் செய்தியின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். ஒரு மாதத்துக்கு மேல் தடுப்பில் இருந்த அவர்கள் ஒக்டோபர் மாத இறுதியில் கைதிகள் பரிமாற்றத்தில் விடுவிக்கப்பட்டனர்.

வீடு திரும்பிய பின்னர்

அவர்கள் 1961 டிசெம்பரில் நாடு திரும்பினர். குடும்பங்கள் மகிழ்ந்தன. ஆனால் முகாம்களுக்குள் வேறொரு பேச்சு தொடங்கியது. ‘ஜடோவில் ஜாக்’ என்ற கிண்டல் பெயர் அவர்கள் மீது ஒட்டிக்கொண்டது. சண்டை போட்டவர்கள் என்பது மறைந்து, கையைத் தூக்கியவர்கள் என்பது மட்டும் மிஞ்சியது. தாங்கள் எங்கே பணியாற்றினோம் என்று சக படையினரிடம் சொல்லத் தயங்கியவர்களும், வீட்டில் கூட அதைப் பற்றி வாய் திறக்காதவர்களும் அவர்களுள் இருந்தனர். சிலர் குடியில் மூழ்கினர். மனக்காயத்துக்குப் பெயரும் சிகிச்சையும் இல்லாத காலம் அது.

குவின்லன் தமது வீரர்களில் 30க்கும் மேற்பட்டோரை வீரப் பதக்கங்களுக்குப் பரிந்துரைத்தார். ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அவர் கேணலாக ஓய்வு பெற்று 1997இல் காலமானார். ஜடோவில்லுக்குப் பின்னர் அவர் ஒருபோதும் வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பப்படவில்லை.

ஏன் மறுக்கப்பட்டது?

இதற்கு ஒரு நிர்வாகக் காரணமும் ஓர் அரசியல் காரணமும் ஒரு மனக் காரணமும் உண்டு. மூன்றையும் தனித்தனியே பார்ப்பது நல்லது.

முதலில் நிர்வாகம். அயர்லாந்தில் வீரப் பதக்கம் வழங்குவதற்குப் பரிந்துரைகளைப் பரிசீலிக்கும் பதக்கச் சபை ஒன்று உண்டு. ஜடோவில் பரிந்துரைகள் அந்தச் சபைக்குச் சென்றன. பதக்கம் எதுவும் வழங்குவதில்லை எனச் சபை முடிவெடுத்தது. இராணுவத் தளபதி அதை ஏற்றுக்கொண்டார். 1965இல் இந்த விடயம் ஒரு கடிதத்தின் ஊடாக மீண்டும் எழுப்பப்பட்டது. தளபதி அக்கடிதத்தை யாரிடம் கொடுத்தார்? முதலில் மறுத்த அதே சபையிடமே. தங்கள் முடிவை மாற்றத் தயாரில்லை என அச்சபை பதிலளித்தது. சம்பவம் நடந்து குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குள் பரிந்துரை செய்யப்பட வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஆகவே காலம் கடந்ததும் கோப்பு மூடப்பட்டது. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு, யார் கேட்டாலும் ‘ஏற்கெனவே முடிவெடுத்தாயிற்று’ என்ற ஒரே பதில்தான்.

அடுத்தது அரசியல். ‘ஏ’ கொம்பனியின் வீரத்தைப் பேசினால், அவர்கள் ஏன் அங்கே தனித்துவிடப்பட்டார்கள் என்ற கேள்வி தானாக எழும். போதிய வெடிபொருள், வாகனம், உணவு இல்லாமல் யார் அனுப்பினார்கள்? எலிசபெத்வில் நடவடிக்கைக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்? ஏன் முன்கூட்டியே எச்சரிக்கவில்லை? இந்தக் கேள்விகள் ஐ.நா. தலைமையையும், ஐரிஷ் அரசையும், இராணுவ மேலிடத்தையும் ஒருசேரச் சங்கடப்படுத்தக்கூடியவை. அந்தச் சங்கடத்தைப் பகிரங்கத்துக்குக் கொண்டுவர எவருக்கும் அவசரம் இருக்கவில்லை. படையினரின் மௌனம் மேலிடத்துக்கு வசதியாக அமைந்தது.

மூன்றாவது காரணம் மனத்தில் உள்ளது. ஜடோவில்லுக்குப் பத்து மாதங்களுக்கு முன்னர், 1960 நவம்பரில், கொங்கோவின் நியெம்பா என்ற இடத்தில் ஐரிஷ் படையினர் மீது பதுங்கித் தாக்குதல் நடத்தப்பட்டு ஒன்பது பேர் கொல்லப்பட்டனர். டப்ளின் வீதிகளில் பல்லாயிரம் மக்கள் திரண்டு அவர்களுக்கு இறுதி மரியாதை செலுத்தினர். அவர்களுள் ஒருவரான அந்தனி பிரவுணுக்கு நாட்டின் மிக உயர்ந்த இராணுவ வீரப் பதக்கம் மரணத்தின் பின் வழங்கப்பட்டது. அந்தப் பதக்கம் ஒருவருக்கு வழங்கப்பட்டது அதுவே முதல் தடவை. அதேபோல், 1961 டிசெம்பர் 5ஆம் திகதி எலிசபெத்வில்லில் வீழ்ந்த இந்திய கூர்க்கா அணியின் கப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்கு இந்தியா தனது அதியுயர் விருதான பரம் வீர் சக்கரத்தை வழங்கியது. இருவரும் அந்த மரியாதைக்கு முழுத் தகுதி உடையவர்கள். அதில் ஐயம் இல்லை.

ஆனால் இந்த உதாரணங்கள் ஒன்றைக் காட்டுகின்றன. இறந்தவரை எப்படிப் போற்றுவது என்பது அரசுகளுக்குத் தெரியும். அதற்கு ஊர்வலமும் கொடியும் மலர்வளையமும் ஆயத்தமாக இருக்கின்றன. உயிரோடு திரும்பியவரை, அதுவும் சரணடைந்து திரும்பியவரை, எந்த இடத்தில் வைப்பது என்பது அவற்றுக்குத் தெரிவதில்லை. 150க்கும் மேற்பட்டவர்களை ஒருவர் குறையாமல் தாய்மாரிடம் திருப்பிக் கொடுத்த அதிகாரியின் முடிவு, அந்தக் கணக்கில் வீரமாகத் தெரியவில்லை.

கோப்பு மீண்டும் திறந்தது எப்படி?

முதலில் விடாமல் பேசியவர்கள் முன்னாள் படையினரே. ஜடோவில்லில் 17 வயதுச் சிப்பாயாக நின்ற ஜோன் கோர்மன் ஓய்வுபெற்ற பின்னர் இதற்காகத் தொடர்ந்து குரல்கொடுத்தார். குவின்லனின் மகனும் இராணுவ அதிகாரியுமான லியோ குவின்லன் தந்தையின் பெயருக்காக நின்றார். அவர்கள் பாராளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்தனர், சாட்சியங்களைச் சேர்த்தனர், ஆவணங்களைத் தேடினர்.

இங்கே ஒரு விடயம் முக்கியமானது. 1961இல் குவின்லன் எழுதிவைத்த அறிக்கைகளும் பரிந்துரைகளும் அழியாமல் இருந்தன. எந்த நாள் என்ன நடந்தது, என்ன செய்தி அனுப்பப்பட்டது, என்ன பதில் வந்தது என்பவை எழுத்தில் இருந்தன. நாற்பது ஆண்டுகளின் பின்னர், ‘நினைவு தவறியிருக்கலாம்’ என்று எவரும் தட்டிக்கழிக்க முடியாதபடி அந்தக் காகிதங்கள் பேசின.

2004இல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் வில்லி ஓ'டீ முழுமையான மீளாய்வுக்கு உடன்பட்டார். ‘ஏ’ கொம்பனி மீதும் குவின்லன் மீதும் சுமத்தப்பட்டிருந்த களங்கத்துக்கு அடிப்படை இல்லை என அந்த ஆய்வு தெளிவுபடுத்தியது. 2005இல் அத்லோன் முகாமில் நினைவுக்கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டு டெக்லன் பவர் எழுதிய நூல் வெளியானது. 2016இல் அந்த நூலை அடிப்படையாகக் கொண்ட திரைப்படம் வெளிவந்து, அயர்லாந்துக்கு வெளியேயும் ஜடோவில் என்ற பெயர் பேசப்பட்டது.

2016 செப்டெம்பரில் முழு அணிக்குமான பாராட்டுப் பத்திரம் வந்தது. 2017 டிசெம்பர் 2ஆம் திகதி, அதே அத்லோன் முகாமில், ஜடோவில்லில் நின்ற ஒவ்வொருவருக்கும் தனியான பதக்கம் வழங்கப்பட்டது. உயிரோடு இல்லாதவர்களின் சார்பில் குடும்பத்தினர் பெற்றுக்கொண்டனர். ‘வீரமிகு தற்காப்பு’ எனப் பொருள்படும் ஐரிஷ் மொழிச் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. சரணடைவு என்ற சொல் இருந்த இடத்தில் தற்காப்பு என்ற சொல் வந்து அமர்ந்தது.

கிடைத்ததும் கிடைக்காததும்

அணிக்கான பாராட்டும் தனிநபருக்கான வீரப் பதக்கமும் ஒன்றல்ல. முன்னையது, ‘நீங்கள் அனைவரும் சேர்ந்து நன்றாகச் செய்தீர்கள்’ என்கிறது. பின்னையது, ‘இந்த மனிதர், இந்த நேரத்தில், இந்தச் செயலைச் செய்தார்’ என்று பெயர் சொல்லி எழுதுகிறது. குவின்லன் 1961இல் கேட்டது இரண்டாவதை. 2016இலும் 2017இலும் கிடைத்தது முதலாவது வகை. எனவே குடும்பங்கள் ஓயவில்லை. 2020இல் அரசு இது குறித்து ஆராய ஒரு சுயாதீனக் குழுவை அமைத்தது. தனிநபர் பதக்கங்கள் பற்றிய விவாதம் அதன் பின்னரும் தொடர்ந்தது.

‘இவ்வளவு வயதான பின்னர் ஒரு பதக்கத்தால் என்ன பயன்?’ என்று கேட்பவர்கள் உண்டு. பதக்கத்தின் உலோகத்துக்கு விலை இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு மனிதர் ஐம்பது ஆண்டுகள் கோழை என்ற பெயருடன் வாழ்ந்திருக்கிறார். அவருடைய பிள்ளைகளும் அந்தப் பெயருடன் வளர்ந்திருக்கிறார்கள். அந்தப் பெயரைக் கொடுத்தது தனிமனிதர்களின் வாய்தான். ஆனாலும் அரசு மௌனமாக இருந்ததால் அது நிலைத்தது. அந்த மௌனத்தை உடைக்கும் தகுதி அரசுக்கு மட்டுமே உண்டு. அயலவர் ஆயிரம் பேர் வந்து ‘நீ வீரன்’ என்றாலும், பதிவேட்டில் இருப்பது மாறாது.

தாமதத்தின் விலையும் இங்கேதான் தெரிகிறது. 2017இல் கொடுத்த பதக்கம் 1962இல் கொடுத்திருக்க வேண்டியது. இடைப்பட்ட காலத்தில் இறந்தவர்களுக்கு அது போய்ச் சேரவே இல்லை. அவர்களுடைய கல்லறையில் வைக்கலாம், சுவரில் மாட்டலாம். அவர்கள் உயிரோடு சுமந்த அவமானத்தை அதனால் திருப்பி எடுக்க முடியாது.

இதில் நமக்கு என்ன இருக்கிறது?

அவர்களுடைய கதையும் எமது மண்ணின் கதையும் ஒன்றல்ல. அவர்கள் ஓர் அரசு அனுப்பிய அமைதிப்படையினர். அந்த அரசு கடைசியில் தன் பக்கத்துத் தவறைத் தானே ஒப்புக்கொண்டது. ஆயினும், நடந்ததை நடந்தபடி அதிகாரபூர்வமாக எழுதச் செய்வது எவ்வளவு கடினம் என்பதை அறிய விரும்பும் எவருக்கும் அவர்கள் போன பாதையில் சில படிப்பினைகள் உண்டு.

முதலாவது, அப்போதே எழுதிவைத்தது. திகதி, இடம், பெயர், கண்டவர் யார் என்ற நான்கும் உள்ள ஒரு கொப்பித் தாள், பல ஆண்டுகள் கழிந்து சொல்லப்படும் நீண்ட உரையை விட வலிமையானது. வீட்டின் பழைய பெட்டியில் கிடக்கும் கடிதத்தையும் படத்தையும் ‘இனி எதற்கு’ என்று எறிந்துவிடக் கூடாது.

இரண்டாவது, தெளிவாகக் கேட்டது. ‘நீதி வேண்டும்’ என்ற பொதுவான வேண்டுகோளை ஓர் அலுவலகம் இலகுவாகக் கடந்துபோகும். ‘இந்தக் களங்கத்தை நீக்குங்கள், இந்தப் பரிந்துரையை மறுபடி பாருங்கள்’ என்று குறிப்பாகக் கேட்டால் ஏதாவது ஒரு பதிலை எழுத்தில் தந்தாக வேண்டும். அந்தப் பதிலும் ஓர் ஆவணமே.

மூன்றாவது, மறுத்தவரே மறுபரிசீலனை செய்வதை ஏற்காதது. 1965இல் கடிதம் அதே சபைக்குப் போனது, அதே பதில் வந்தது. முடிவெடுத்தவர்களுக்கு வெளியே உள்ளவர்கள் பார்த்தபோதுதான் கதவு அசைந்தது.

நான்காவது, அடுத்த தலைமுறை. குவின்லன் செய்ய முடியாமல் போனதை அவருடைய மகன் தொடர்ந்தார். வாய் திறக்காமல் இருந்த தந்தையரிடம், காலம் கடப்பதற்கு முன் அமர்ந்து கேட்ட பிள்ளைகள் இருந்ததால்தான் இந்தக் கதை மீண்டது.

அத்லோனில் அன்று பத்திரத்தைக் கையில் வாங்கியவர்கள் அனைவரும் முதியவர்கள். 1961இல் அவர்கள் பதுங்குகுழிக்குள் தண்ணீருக்காகக் காத்திருந்தபோது உதவி ஆற்றுப் பாலத்தோடு நின்றுவிட்டது. நாடு திரும்பிய பின் அவர்கள் எதிர்பார்த்தது ஒரு வரி உண்மை. அது வந்துசேர 55 ஆண்டுகள் ஆயின. வந்து சேர்ந்தபோது, பெயர் வாசிக்கப்பட்ட பலருக்காக எழுந்து சென்றவர்கள் அவர்களுடைய பிள்ளைகளே.